ரெண்டு பொட்டலம்

வேண்டாம்மா, பையை மேல வெக்க வேண்டாம். என் மடியிலேயே இருக்கட்டும். கண்டக்டர் ஏதாவது சொன்னா நான் பதில் சொல்லிக்கறேன். மேல வெச்சா ஒவ்வொரு வளைவுக்கும் இடிபடும், உள்ள உடையற சாமான் இருக்கு. நீ உக்காரு. ஜன்னலோரம் எனக்குத்தான் வேணும், தப்பா நினைக்காதே. மலை இறங்கறப்போ மூஞ்சில காத்து படலைன்னா எனக்குக் குமட்டும்.

நீயும் சுத்திப் பாக்கத்தான் வந்தியா? தனியாவா? பரவாயில்லையே, தைரியசாலிதான். உன்னை நீன்னு சொல்லலாமில்ல? என் பொண்ணு வயசு இருப்பே. எனக்குப் பொண்ணு கிடையாது, ஒரே பையன், டொரன்டோவுல இருக்கான்.

என்னை டூரிஸ்ட்னு மட்டும் நினைச்சுடாதே. எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. பொறுப்புள்ள பயணின்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கியா? நான் அது. பாரு, தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில். பல் தேய்க்க மூங்கில் பிரஷ். கோத்தகிரியில நம்ம ஜனங்க சிப்ஸ் பாக்கெட்டைக் குரங்குக்கு வீசறாங்களே, அதைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். நான் குரங்குக்கு வாழைப்பழம்கூடப் போடமாட்டேன். அதோட பழக்கத்தை நாம கெடுக்கக் கூடாது. அப்படிப்பட்டவளைப் பாத்து, "நீங்க இனிமே இந்தப் பக்கம் வரவேண்டாம் அம்மா"ன்னு சொல்லிட்டாங்க. என்னை! நல்லதுக்குக் காலமில்லைன்னு சும்மாவா சொன்னாங்க?

எந்த ஊருன்னு கேக்காதே, சொல்லமாட்டேன். எந்த ஜனங்கன்னும் சொல்லமாட்டேன். பழங்குடி ஜனங்க, காட்டுக்குள்ள பத்துப் பன்னெண்டு வீடு, அவ்வளவுதான். பேரைச் சொன்னா நாளைக்கே நாலு பேரு காரைப் போட்டுக்கிட்டு வந்து நிப்பான். அவங்க என்னை எப்படி நடத்தினாலும் நான் என் கொள்கையிலேருந்து இறங்கமாட்டேன்.

வினோதான்னு ஒரு பொண்ணு. அந்த மாதிரி ஊர்கள்ல வெளியாட்கள் தங்கறதுக்கு ஏற்பாடு பண்ற சின்ன அமைப்புல இருக்கா. நல்ல பொண்ணுன்னுதான் நானும் நினைச்சேன். மார்கழியில என்னைக் கூட்டிட்டுப் போறப்போ ஜீப்புல உக்காத்தி வெச்சு விதியெல்லாம் சொன்னா. கேக்காம போட்டோ எடுக்காதீங்க. குழந்தைங்களுக்கு மிட்டாய் குடுக்காதீங்க. பேரம் பேசாதீங்க. போடறதைச் சாப்பிடுங்க. எல்லாம் நான் பல வருஷமா செய்யறதுதான். கடைசியில ஒண்ணு சொன்னா, "எது புரியலைன்னாலும் கேட்டுடுங்கம்மா, கேட்டா சொல்லுவாங்க"ன்னு. சரின்னேன். புரியாததைத்தானே கேக்கணும்? புரிஞ்சதைக் கேக்கறதுக்கு என்ன இருக்கு?

தங்கினது மருதின்னு ஒருத்தி வீட்ல. நாப்பது, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். புருஷன் பேரு பந்தன். ரெண்டு பேருமே அதிகம் பேசமாட்டாங்க. முதல் நாள் என்னை மேடம்னு கூப்பிட்டா. மேடமெல்லாம் வேண்டாம், அக்கான்னு கூப்பிடுன்னேன். கூப்பிட்டா. கடைசி வரைக்கும் அக்கான்னுதான் கூப்பிட்டா, அதை நான் மறைக்க மாட்டேன்.

சாப்பாடுன்னா அது சாப்பாடு. சாமைச் சோறு, காட்டுல பறிச்ச கீரை, சில நாள் ராகிக் களி. ஒரு நாள் அவங்க எல்லாரும் அறுப்புக்குப் போயிருந்தப்போ, முன்சுவருக்குக் கீழ ஒரு இலையில சோறு, கீரை, மேல துளி தேன் வெச்சிருந்துது. எனக்குத்தான் வெச்சுட்டுப் போயிருக்காங்கன்னு ஒரு பருக்கை விடாம சாப்பிட்டேன். சோத்தை வீணாக்கறது எனக்குப் பிடிக்காது. மருதி வந்து வெறும் இலையைப் பாத்தா. என்னைப் பாத்தா. "பரவாயில்லக்கா. பசியோட யாரும் இருக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு இன்னொரு இலையில சோறு போட்டு அதே இடத்துல வெச்சா. அப்புறந்தான் தெரிஞ்சுது, அது எனக்கு இல்ல, சுவத்துல இருந்த படத்துக்குன்னு. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சொல்லலை. நான் ரசிச்சுச் சாப்பிட்டதுல அவளுக்கு சந்தோஷம்தான்னு எடுத்துக்கிட்டேன்.

அந்தப் படத்தைப் பத்திச் சொல்லணும். அதுதானே எல்லாத்துக்கும் மூலம்.

அவங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. கல்யாணத்துக்குப் பாத்துட்டிருந்த வயசு. மழைக்காலத்துல காய்ச்சல் வந்து, கட்டில்ல வெச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்போ வழியிலேயே போயிட்டா. பாவம். அந்த ஊர்ல ஒரு வழக்கம். செத்தவங்களை அறுப்புக் காலம் வந்ததும் வீட்டு முன்சுவத்துல வரையறாங்க. தாய்மாமன்தான் வரையணும். வரைஞ்சதும் செத்தவங்க ஒரு தடவை வீட்டுக்கு வந்து தங்கிட்டுப் போவாங்களாம். தங்கற வரைக்கும் தினமும் சோறு வெக்கணும். பேரைச் சொல்லக் கூடாது. 'அவ' அப்படின்னுதான் சொல்லணும். "அவ சாப்பிட்டாளா, அவளுக்கு வெச்சாச்சா"ன்னு ஏதோ உள் ரூம்ல தூங்கறவளைப் பத்திப் பேசற மாதிரிப் பேசுவாங்க.

மருதியோட தம்பி வெள்ளியன் வரைஞ்சான். நான் பக்கத்துலேயே உக்காந்து பாத்தேன். வெள்ளை மண்ணைச் சுவத்துல பூசி, காஞ்சதும் கரி, செம்மண், ஏதோ ஒரு இலைச்சாறு. குச்சி நுனியை மென்னு அதுதான் பிரஷ். ஆடு வரைஞ்சான், பலா மரம் வரைஞ்சான், கை கோத்து ஆடற பொம்பளைங்க. நடுவுல ஒரு பொண்ணு, தலையில கூடை வெச்சுக்கிட்டு நடக்கறா. மூஞ்சி கிடையாது. கண்ணு மூக்கு எதுவும் கிடையாது. ஆனா அந்த நடை இருக்கே! இடுப்பை ஒரு பக்கமா ஒடிச்சு, ஒரு கையை வீசி. மருதி வந்து பாத்துட்டு, "அவதான்"னு சொல்லி அப்படியே வாயைப் பொத்திக்கிட்டா.

எனக்கு ஓவியம் தெரியும்மா. மயிலாப்பூர்ல தஞ்சாவூர்ப் படம் கத்துக்கிட்டிருக்கேன். எங்க வீட்டு ஹால்ல இருக்கற கிருஷ்ணர் நான் போட்டதுதான். அதனால சொல்றேன், அந்த மாதிரிக் கோடு படிச்சு வராது. எனக்கு ஒண்ணு வேணும்னு வெள்ளியன்கிட்ட கேட்டேன். வாங்கிக்குங்கன்னு உள்ளேயிருந்து ஒரு கட்டு எடுத்துட்டு வந்தான். கெட்டித் தாள்ல வரைஞ்சது, அழகாத்தான் இருந்துது. மாசாமாசம் டவுன்ல ஒரு கடைக்குப் போகுதாம். நான் தொடலை. விக்கறதுக்குன்னு போட்டது எனக்கு எதுக்கு? அது டூரிஸ்ட்டுக்கு. எனக்கு அசல்தான் வேணும். சுவத்தைக் காட்டி, இதே மாதிரி ஒண்ணு துணியில போட்டுத் தாயேன்னு கேட்டேன். "இது அவளுதுங்க. இதை வேற எதுலயும் போடமாட்டேன்"னுட்டான். அதுக்கும் நான் மரியாதை குடுத்தேன். போட்டோ எடுத்துக்கலாமான்னு கேட்டேன், வேண்டாம்னான். எடுக்கலை. ஒண்ணுகூட எடுக்கலை. என் போனை வாங்கி வேணும்னா பாரு. என் இடத்துல வேற யாராவதா இருந்தா அவங்க தூங்கறப்போ எடுத்திருப்பாங்க. நான் அந்த மாதிரி ஆள் இல்ல.

அப்பப்பா, என்ன இப்படித் திருப்பறான் இந்த டிரைவர்! பிடிச்சுக்கோ. பை ஆடலையே? ஆடலை.

எங்க விட்டேன்? ஆங். ஒரு நாள் மத்தியானம் மருதியும் நானும் அவரைக்கா உரிச்சுட்டிருந்தோம். இந்தப் படம் எத்தனை நாள் இருக்கும் மருதின்னு கேட்டேன். புதுச் சாமை வீட்டுக்கு வர்ற வரைக்கும்னா.

"அப்புறம்?"

"அன்னைக்கு ஊரே கூடும்க்கா. நான் என் கையாலே சாணி போட்டு மெழுகிடுவேன். அப்பதான் அவ கிளம்புவா. அவ கிளம்பினப்புறம்தான் புதுச் சாமையைப் பொங்கணும். அதுக்கு முன்னாடி நாங்க வாயில வெக்கக் கூடாது."

அந்தப் படத்தை! சாணியைப் போட்டு! வெள்ளியன் கழுத்து வலிக்க வலிக்கப் போட்டதை! பெத்தவளே அழிக்கணுமா, இது என்ன வழக்கம்னு கேட்டேன்.

"பெத்தவதான் அனுப்பணும்க்கா. வேற யார் அனுப்பினாலும் அவளுக்குப் போக மனசு வராது. நாங்களே புடிச்சு வெச்சுக்கிட்டா அவ எப்படிப் போவா?"

"உனக்குக் கஷ்டமா இல்லையா மருதி?"

கையில இருந்த அவரைக்காயை உரிச்சு முடிச்சா. "இருக்கு"ன்னா.

கேட்டியா? அவ வாயாலயே சொன்னா, கஷ்டமா இருக்குன்னு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் செஞ்சேன். இதை நீ நல்லாப் புரிஞ்சுக்கணும். ஏன்னா அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரர் போனப்போ அவர் போட்டோவைப் பெருசு பண்ணி, லேமினேட் போட்டு, ஹால்ல மாட்டினேன். கீழ ஒரு சின்ன பல்பு. இன்னைக்கு வரைக்கும் அதை அணைச்சதில்ல. கரன்ட் போனாலும் எரியறதுக்கு இன்வெர்ட்டர்ல ஒரு ஒயர் இழுத்திருக்கேன். என் பையன் சொல்றான், "அம்மா, அந்த ஹால்ல உக்காரவே முடியலை, அதைக் கொஞ்சம் உள்ள மாட்டிடேன்"னு. அதனாலதான் அவன் லீவுக்கு வந்தாலும் மாமியார் வீட்லயே தங்கிடறான். தங்கட்டும். நான் விடமாட்டேன். விட்டுட்டா அப்புறம் எனக்கு யாரு இருக்கா?

அதனால மருதிக்கு என்னாலான ஒரு உதவி. அவ்வளவுதான் என் எண்ணத்துல இருந்துது. சாமி சத்தியமா அவ்வளவுதான்.

மறுநாள் பஸ் பிடிச்சு கோத்தகிரி போனேன். ஒரு பெயின்ட் கடையில கேட்டேன், தஞ்சாவூர்ப் படத்துக்கு மேல பூசற மாதிரி ஒண்ணு இருக்கான்னு. இருந்துது. நல்லாக் கவனி, தண்ணியில கரையற வார்னிஷாப் பாத்து வாங்கினேன். மண்ணுக்குக் கெடுதல் இல்லாதது. வாசனையே வராது. பூசினா பூசினதே தெரியாது, ஆனா மேல ஒரு கண்ணாடித் தோல் மாதிரிப் பிடிச்சுக்கும். மழை அடிச்சாலும் போகாது, தேய்ச்சாலும் போகாது. பிரஷ்ல பூசினா இலைச்சாறு கலைஞ்சுடும்னு எனக்குத் தெரியாதா? கொசுத்தைலம் தெளிக்கற பாட்டில் காலியா இருந்துது, அதுல ஊத்திக்கிட்டேன். எல்லாரும் அறுப்புக்குப் போனப்புறம் பனித்துளி மாதிரித் தெளிச்சேன். காயவிட்டு இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. கை விட்டுப்போச்சு. ஒரு கோடு கலையலை. சாணியைப் போட்டு மெழுகினா மெழுகட்டும், சடங்கு சடங்கா நடக்கட்டும், தண்ணி ஊத்தினா படம் அப்படியே இருக்கும்! அவ மூஞ்சில வர்ற சந்தோஷத்தைப் பாக்கணும்னு மனசுக்குள்ளேயே வெச்சுக்கிட்டேன்.

கேட்டிருக்கலாமேன்னு பாக்கறியா? வினோதாவும் அதைத்தான் கேட்டா. பரிசு குடுக்கறவங்க முன்கூட்டியே கேட்டுட்டா குடுப்பாங்க?

சாமை வந்த அன்னைக்குக் காலையிலேயே ஊரு கூடிடுச்சு. மேளம், குழல். எனக்கும் ஒரு பாய் போட்டு முன்னாடி உக்கார வெச்சாங்க. மருதி குளிச்சுட்டு ஈரத்தலையோட வந்தா. சாணி கரைச்ச பானையை எடுத்துக்கிட்டு சுவத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. என்னவோ பேசினா, அவங்க பாஷையில, சின்னக் குரல்ல. ஊருக்குப் போற பொண்ணுகிட்ட சொல்லுவோமில்ல, பத்திரமாப் போ, வழியில சாப்பிடு, அந்த மாதிரின்னு வெள்ளியன் எனக்குச் சொன்னான். அப்புறம் கையை விட்டு அள்ளிப் போட்டு மெழுகினா.

நிக்கலை. சாணி வழுக்கி வழுக்கிக் கீழ விழுந்துது. மறுபடியும் அள்ளிப் போட்டா. அதுவும் வழிஞ்சுது. மேளம் அடிச்சவன் நிறுத்திட்டான். அவ ரெண்டு கையாலும் தேய்ச்சா. தேய்க்கத் தேய்க்க அந்தப் பொண்ணு முன்னைவிடப் பளபளன்னு, இப்பதான் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு வந்தவளாட்டம் நிக்கறா. மருதி திரும்பித் தம்பியைப் பாத்தா. அவன், "நான் ஒண்ணும் கலக்கலையேக்கா, எப்பவும் போடறதுதான் போட்டேன்"னு கையை விரிக்கறான். யாரோ ஒரு பொம்பளை, "அவ போகமாட்டேங்கறா"ன்னு அழ ஆரம்பிச்சா.

நான் எந்திரிச்சேன். கை தட்டினேன். ஆமாம், தட்டினேன். அந்த நேரம்தான் சொல்லணும்னு இருந்தேனே! "நான்தான் பண்ணேன் மருதி! வார்னிஷ் அடிச்சிருக்கேன். இனிமே எந்த மழைக்கும் அசையாது. உன் பொண்ணு இனிமே எங்கேயும் போகமாட்டா!"

"எங்கேயுமா?"ன்னு கேட்டா.

"எங்கேயும்! உன் காலத்துக்கும் இங்கேயேதான் இருப்பா."

அப்படியே தரையில உக்காந்துட்டா. நான் சந்தோஷத்துலதான் உக்காந்துட்டான்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாங்க?

அதுக்கப்புறம் நடந்ததை என்னன்னு சொல்றது. மருதி எந்திரிச்சுப் போய் நகத்தால பிறாண்டினா. அரிவாளை எடுத்துச் சுரண்டினா. அது அப்படியெல்லாம் வராது, நல்ல சரக்கு. நகத்துலேருந்து ரத்தம் வந்து அந்தப் படத்து மேலயே கோடு கோடா இழுத்துது, அதுவும் நிக்கலை. "போ சாமி, போ, நான் புடிக்கலை, நான் உன்னைப் புடிக்கலை"ன்னு தமிழ்லயே சொன்னா. எனக்குக் கேக்கணும்னு சொன்னாளோ என்னவோ. பந்தன் வந்து அவளை இழுத்து விட்டுட்டுக் கடப்பாரையை எடுத்தான்.

சுவத்தை இடிச்சுட்டாங்கம்மா. வீட்டுச் சுவத்தை. தை மாசம், விடிகாலையில புல்லெல்லாம் வெள்ளையாப் பனி உறையற ஊரு, அதுல முன்சுவத்தை இடிச்சுப் போட்டுத் தார்ப்பாயைத் தொங்கவிட்டுட்டுப் படுக்கறாங்க. ஒரு படத்தைக் காப்பாத்தறதுக்கு ஒருத்தி மெனக்கெடறா, அதை உடைக்கறதுக்கு வீட்டையே இடிக்கறான் ஒருத்தன். கழுதைக்குத் தெரியுமா... வேண்டாம், அப்படிச் சொல்லக் கூடாது. அவங்க கலாச்சாரத்தை நாம குறைவாப் பேசக் கூடாது. ஆனா நெஞ்சு கொதிக்குது, என்ன பண்ணச் சொல்றே? பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுது.

இடிஞ்சு விழுந்த மண்ணையெல்லாம் உரல்ல போட்டு இடிச்சாங்க. தூளாக்கி ஓடையில கரைக்கணுமாம். அப்பதான் போவாளாம். என் வார்னிஷ் பிடிச்ச இடமெல்லாம் தோசை மாதிரிப் பட்டை பட்டையாப் பேந்து வந்துது. மருதி உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துப் பாத்து உரல்ல போட்டா. ஆடு வந்துது. பலா மரம் வந்துது. ஆடற பொம்பளைங்க வந்தாங்க. அப்புறம் மண்ணைக் கிளறினா. மறுபடியும் கிளறினா. எல்லாரும் சேந்து கிளறினாங்க, சல்லடை போட்டுச் சலிச்சாங்க. "அவளைக் காணோமே"ன்னா மருதி. "ஆடு இருக்கு, மரம் இருக்கு, அவளைக் காணோமே."

என்கிட்டயும் வந்தா. "அக்கா, நீங்க பாத்தீங்களா?"

எப்படிம்மா மனசு வரும்? அந்த உரல்ல போட்டு இடிக்கவா? இடிச்சுட்டிருக்கறப்பவே என் காலடியில வந்து விழுந்துது. ரெண்டு உள்ளங்கை அகலம்தான். கூடை, கை, இடுப்பு, பாதம், ஒரு கீறல் இல்லாம. நான் குனிஞ்சு எடுத்துப் புடவைத் தலைப்புல மறைச்சுக்கிட்டேன். அதைக் காப்பாத்தறதுக்கு அங்க என்னைத் தவிர யார் இருந்தா? "இங்க எங்கேயும் காணோமே மருதி"ன்னேன். அது பொய் இல்ல. அப்ப அது துண்டுல சுத்தி, வீட்டுக்குள்ள என் பையில இருந்துது.

பந்தன் மட்டும் என் பையையே பாத்துட்டிருந்தான். ஏதோ சொல்லிக்கிட்டு ரெண்டடி வந்தான். மருதி கையைக் குறுக்கே நீட்டித் தடுத்துட்டா. "விருந்துக்கு வந்தவங்க பையில கை வெக்கக் கூடாது"ன்னா. பாத்தியா, அந்தப் பண்பாடு! அதைத்தான் நான் மதிக்கறேன். அதுக்காகத்தான் நான் இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் வர்றது.

சாயங்காலமே வினோதா ஜீப்புல வந்துட்டா. என்னைத் தனியாக் கூப்பிட்டு என்னமோ கோர்ட்டுல விசாரிக்கற மாதிரி விசாரிச்சா. "அவங்க உங்களைத் திட்டலை, ஒண்ணும் கேக்கலை. நீங்க இனிமே இந்தப் பக்கம் வரவேண்டாம் அம்மா, அது மட்டும்தான்"னா. சுவரை நான் கட்டித் தர்றேன்னு சொன்னேன், செங்கல்லயே கட்டித் தர்றேன்னேன். வேண்டாமாம். மன்னிப்பாவது கேளுங்கன்னா. எதுக்கு? நீயே சொல்லு, எதுக்கு? போட்டோ எடுத்தேனா? மிட்டாய் குடுத்தேனா? பேரம் பேசினேனா? ஊருக்குப் போனதும் இன்டர்நெட்ல அவங்க அமைப்போட பக்கத்துல எழுதத்தான் போறேன். ஒரே ஒரு நட்சத்திரம். அதுவும் சாப்பாட்டுக்காக.

குஞ்சப்பனை ஸ்டாப் வந்துடுச்சா? அப்ப மலை இறங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். இரு, நீ ஓவியம் பாக்கற பொண்ணு மாதிரி இருக்கே, உனக்குக் காட்டறேன். துண்டைப் பிடி. மெதுவா. பாத்தியா? பாத்தியா அந்த நடையை? மூஞ்சியே இல்ல, ஆனா திரும்பிப் பாக்கப் போற மாதிரி இல்ல? இதுக்கு ஒரு ஃபிரேம் போட்டு எங்க வீட்டுக்காரருக்குப் பக்கத்துல மாட்டப்போறேன். அந்த பல்பு வெளிச்சம் இவ மேலயும் விழும். இனிமே இவளுக்கு ஒரு குறையும் இல்ல.

திருப்பிக் குடுக்கறதா? என்னம்மா நீயும் வினோதா மாதிரியே பேசறே. குடுத்தா தூளாக்கிடுவாங்க. சொன்னேனே.

என்ன, அவங்க இன்னும் புதுச் சாமையைப் பொங்கலையான்னா கேட்டே? பொங்கலை. மூட்டை அப்படியே கட்டி மூலையில கிடக்குது. இவ கிளம்பாம பொங்கக் கூடாதே. பழைய சாமை கொஞ்சம் மிச்சம் இருக்கு, பக்கத்து வீட்லயும் குடுப்பாங்க. அது அவங்க வழக்கம், அதுல நாம தலையிடக் கூடாது.

ஆனா மருதி மேல எனக்குக் கோவம் இல்லம்மா. இன்னைக்குக் காலையில நான் கிளம்பறப்போ ஜீப் வரைக்கும் வந்தா. அவ ஒருத்திதான் வந்தா. கையெல்லாம் துணி சுத்தியிருந்துது. என் பையை ஒரு தடவை தொட்டா. அப்படியே தடவிக் குடுத்தா, ரொம்ப நேரம், மேல தூசி ஒட்டியிருந்துது போல. அப்புறம் மடியிலேருந்து வாழையிலைப் பொட்டலம் எடுத்துக் குடுத்தா. ஒண்ணு இல்ல, ரெண்டு. "வழியில சாப்பாடுக்கா. பசியோட யாரும் இருக்கக் கூடாது"ன்னா. "தினமும் வெச்சுடுவீங்களாக்கா?"ன்னு கேட்டா. சரியாச் சாப்பிடறேனான்னு என் உடம்பு மேல அவ்வளவு அக்கறை. வெச்சுப்பேன், வெச்சுப்பேன், நீ கவலைப்படாதேன்னேன். அதுக்கு என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. தப்பு செஞ்சவளை யாராவது அப்படி வழியனுப்புவாங்களா? அவளுக்குத் தெரியும், என் மனசுல ஒண்ணும் இல்லைன்னு.

இந்தா, நீ ஒண்ணு எடுத்துக்கோ. பழைய சாமைதான், ஆனா மேல தேன் விட்டிருக்கா பாரு, உன் பொட்டலத்துல மட்டும். என்னோடதுல இல்ல. பரவாயில்ல, எனக்கு சர்க்கரை இருக்கு. எடுத்துக்கோ, ஆறிடப் போகுது. ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு பொட்டலம், சொல்லு.

ஏன், பிடிக்காதா?

என்ன சொல்றே? அவளுக்கா?

எவளுக்கு? இந்த சீட்ல நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்.